பத்தடிக் காம்பராவுக்கு ஏற்ற லென்ஸ்

கேள்வி: வணக்கம் அண்ணா. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். வயது 23. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் வேலை. சீட்டுக் காசும் சேமிப்புமாகக் கையில் 95,000 ரூபா இருக்கிறது. டி.எஸ்.எல்.ஆர். கெமரா ஒன்று வாங்க ஆசை. கடையில் விசாரித்தபோது கெனன் 1500டி, புதியது, இரண்டு லென்ஸோடு 165,000 சொன்னார்கள். மிச்சத்தைத் தவணையில் கட்டலாமாம். அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற மாமா மகன், அவரிடம் இருப்பதுபோல நிக்கோனே வாங்கு என்கிறார். சிநேகிதி ஒருத்தி, டி.எஸ்.எல்.ஆர். காலம் முடிந்துவிட்டது, மிரர்லெஸ் வாங்கு என்கிறாள். எனக்கு எங்கள் தோட்டத்து ஆட்களையும் காமன் கூத்தையும் எடுக்க வேண்டும். பிறகு சடங்கு வீடு, பிறந்தநாள் வீடுகளுக்கும் போக விருப்பம். எதை வாங்குவது?

பதில்:

தங்கச்சி, அம்மாவின் சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். தவணையும் வேண்டாம். உங்களிடம் இருக்கிற 95,000 ரூபாவுக்குள்ளேயே, நீங்கள் எடுக்க ஆசைப்படுகிற படங்களுக்கு அந்தப் புதிய 1500டியை விடப் பொருத்தமான ஒரு செட் கிடைக்கும். பாவித்ததாக இருக்கும். அதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 வரை ஏறியபோது, கப்பலில் வருகிற எல்லாப் பொருளோடும் கெமராவின் விலையும் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு படம் எடுக்கிற இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் எனக்குத் தெரிந்த நல்ல கைகள் எல்லாம் பாவித்த கெமராவில்தான் தொடங்கின.

1500டி மோசமான கெமரா இல்லை. 2018இல் வந்தது, 24 மெகாபிக்சல், வெளிச்சம் இருக்கிற இடத்தில் நன்றாகவே எடுக்கும். ஆனால் கடைக்காரர் சொல்கிற அந்த இரண்டாவது லென்ஸ் எது என்று கேட்டீர்களா? 75-300 மி.மீ. சூம் (எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும்) என்றால், கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஐ.எஸ். வசதி அதில் இல்லை. மலையில் மூடுபனி இறங்கிய மாலையில் அதை 300க்கு நீட்டிப் பிடித்தால் படம் கலங்கும். பெட்டிக்குள் இரண்டு லென்ஸ் இருக்கிறது என்ற சந்தோஷம் ஒரு வாரத்துக்குமேல் நிற்காது.

நீங்கள் எடுக்கப்போவது என்ன என்பதிலிருந்துதான் கெமராவைத் தேட வேண்டும். அதனால் கூத்துக் களத்துக்கே வருகிறேன். மாசி மாத இரவு. தப்புக்காரர்கள் சருகைக் கொளுத்தித் தப்புப் பறையைக் காய்ச்சுகிறார்கள். அந்த நெருப்பில் ஒருவரின் கன்னமும் விரல்களும் மட்டும் தெரிகின்றன. அப்பால் ஒரு டியூப் லைட், அதன் கீழே ரதியும் மதனும் ஆடுகிறார்கள். இந்த வெளிச்சத்தில் கெமராவோடு வருகிற கிட் லென்ஸை, அந்த 18-55ஐ, 55க்குக் கொண்டுபோனால் அதன் வாய் எப்/5.6க்குமேல் திறக்காது (இந்த எண் சிறிதானால் வாய் பெரிது). எப்/1.8 வரை திறக்கிற லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எப்/1.8இல், ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 3200 வைத்து, ஷட்டரை 1/125 செக்கன் மட்டும் திறந்து எடுக்க முடிகிற ஒரு காட்சியை வைத்துக்கொள்ளுங்கள். கிட் லென்ஸில் அதே காட்சிக்கு 1/13 செக்கன் வரை இறங்க வேண்டியிருக்கும். 1/125இல் தப்பில் விழுகிற குச்சி குச்சியாகவே தெரியும். 1/13இல் அந்தக் கை முழுவதும் புகைபோல இழுபட்டுப் போகும். எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் இழுபட்ட கையை மீட்க முடியாது.

பிளாஷ் போடலாமே என்று கேட்பீர்கள். போட்டால் நெருப்பு வெளிச்சம் செத்துவிடும். ஆடுகிறவர்களின் கண்ணிலும் அடிக்கும். கூத்தில் ஆடுகிறவர்கள் விரதம் இருந்து வேஷம் கட்டுகிறவர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே பிளாஷ் வெட்டுவதை எந்தத் தோட்டத்திலும் பெரியவர்கள் விரும்புவதில்லை. அது சரியும்தான்.

ஆக, லென்ஸ் இல்லாத வெறும் கெமராவுக்கு, நாங்கள் பொடி என்கிற பாகத்துக்கு, முழுக் காசையும் கொடுத்துவிடாதீர்கள். அது பழையதாக இருக்கலாம். அகல வாய் லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த லென்ஸைப் பூஞ்சணம் பிடிக்காமல் வைத்திருக்கவும் கொஞ்சம் காசு வேண்டும்.

எந்த லென்ஸ்? கெனன்காரர்கள் எல்லோரும் 50 மி.மீ. எப்/1.8 என்பார்கள். விலை குறைந்த, அருமையான லென்ஸ்தான். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் தொடக்கநிலைக் கெமராக்களில் படத்தைப் பதிவு செய்கிற சென்சர் சிறியது. அதனால் 50 மி.மீ. இன்னும் நெருக்கமாகக் காட்டும். நீங்கள் இருப்பது லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டின் சின்ன அறையில். காம்பராவில் ஒரு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, எதிரே அம்மாவை நிற்கவைத்து, இடையில் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். கெனனில் 50ஐப் போட்டுக் கெமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் நாலரை அடி உயரம்தான் படத்துக்குள் அடங்கும். தலையிலிருந்து முழங்கால் வரை வரும், பாதம் வராது. பின்னால் போகவும் இடம் இல்லை. நிக்கோனில் 35 மி.மீ. எப்/1.8ஜி டி.எக்ஸ். போட்டால் அதே இடத்தில் ஆறரை அடிக்கு மேல் அடங்கும். அம்மா முழுதாக வருவார், தலைக்கு மேலே மாட்டியிருக்கிற சாமிப் படமும் வரும். கையளவுதான் அந்த லென்ஸ், 200 கிராம். 30 சென்டிமீட்டர் வரை கிட்டப்போய் எடுக்கலாம். கெனனில் இதைவிட அகலமாகக் காட்டுகிற 24 மி.மீ. எப்/2.8 இருக்கிறது, தட்டையான நல்ல லென்ஸ். ஆனால் உள்ளே விடுகிற வெளிச்சம் எப்/1.8இன் பாதியை விடக் குறைவு.

நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கெனன் கெமராவில் படம் எடுக்கிறவன். ஆனாலும் உங்களுக்கு நிக்கோன் என்றே சொல்கிறேன். ஒரு காரணம் இந்த 35. மற்றது உங்கள் மாமா மகன். பக்கத்தில் இருக்கிறவரிடம் எந்தக் கம்பனியோ அந்தக் கம்பனியை வாங்கினால் லென்ஸை இரவல் வாங்கலாம், சார்ஜர் மறந்தால் கேட்கலாம், ஒரு பட்டன் புரியாவிட்டால் காட்டச் சொல்லலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய உதவி.

தேட வேண்டிய கெமரா நிக்கோன் டி3300. 2014இல் வந்தது, 24 மெகாபிக்சல். பெட்டரியை ஒருமுறை முழுதாக ஏற்றினால் சுமார் 700 படம் எடுக்கலாம். விடிய விடிய நடக்கிற கூத்தில், பிளக் பொயின்ட் இல்லாத களத்தில், அது எவ்வளவு உதவி என்று போய் நின்றால் தெரியும். டி3400, டி5300 நல்ல நிலையில் அதே விலைக்கு வந்தாலும் எடுங்கள். இந்த டி3000, டி5000 வரிசைக் கெமராக்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. நிக்கோன் லென்ஸின் மேல் ஏ.எப்-எஸ் அல்லது ஏ.எப்-பி என்று எழுதியிருந்தால்தான் தானாகப் போகஸ் ஆகும். 50 மி.மீ. எப்/1.8டி என்று ஒரு பழைய லென்ஸை மலிவாகத் தருகிறேன் என்பார்கள். உங்கள் கெமராவில் அதைக் கையால்தான் திருப்ப வேண்டும். மாமா மகனிடம் இரவல் வாங்கும்போதும் இந்த எழுத்தைப் பாருங்கள். டி3200 என்றால் ஏ.எப்-பி லென்ஸும் சரிவராது, அதனால் டி3300க்குக் கீழே இறங்க வேண்டாம்.

வீடியோதான் உங்கள் முதல் தேவை என்றால் என் பதில் மாறியிருக்கும். கெனன் 200டி வீடியோவில் நகர்கிற ஆளைப் போகஸ் விடாமல் தொடரும். டி3300 அதில் தடுமாறும். நீங்கள் கேட்டது படம்.

சிநேகிதி சொன்னதும் பொய் இல்லை. டி.எஸ்.எல்.ஆருக்குள் காட்சியைக் கண்ணுக்குக் காட்டுகிற ஒரு கண்ணாடி இருக்கும், மிரர்லெஸில் அது இருக்காது. 2018இல் கெனன் ஈ.ஓ.எஸ். ஆர், நிக்கோன் இசட் 6, இசட் 7 வந்ததிலிருந்து இரண்டு கம்பனிகளும் மிரர்லெஸ் பக்கமே சாய்ந்துவிட்டன. அதனால்தான் நல்ல டி.எஸ்.எல்.ஆர். கெமராக்களை ஆட்கள் விற்கிறார்கள், உங்களைப் போன்றவர்கள் வாங்கவும் முடிகிறது. இன்று வாங்குகிற அந்த 35 மி.மீ. பிறகு ஓர் அடப்டரோடு நிக்கோன் மிரர்லெஸிலும் ஓட்டோ போகஸோடு வேலை செய்யும். காசு வீணாகாது.

பங்கீட்டை இப்படி வையுங்கள். பொடியும் 18-55 லென்ஸும் சேர்த்து 60,000க்கு மேல் போகாதீர்கள். 35 மி.மீ. லென்ஸுக்கு 25,000 ஒதுக்குங்கள், அதுவும் பாவித்ததுதான். மிச்சம் 10,000 மெமரி கார்டுக்கும், கெமராவை ஈரம் படாமல் வைக்கிற டப்பாவுக்கும். விலை வாரத்துக்கு வாரம் மாறும். இழுபறியானால் 18-55ஐ விட்டுவிடுங்கள், 35ஐ விட்டுவிடாதீர்கள். ஒரே லென்ஸோடு ஆறு மாதம் நடந்தால் எங்கே நின்றால் என்ன அடங்கும் என்று காலுக்கே தெரிந்துவிடும்.

இனிப் பார்த்து வாங்குவது. இதில் நான் அடிபட்டவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் கொழும்பில் ஒருவரிடம் பாவித்த சூம் லென்ஸ் ஒன்று வாங்கினேன். கடை வெளிச்சத்தில் கண்ணாடி பளபளவென்றிருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். அத்தனை படத்திலும் பால் ஊற்றினாற்போல ஒரு வெள்ளைப் படலம். வீட்டுக்கு வந்து லென்ஸின் ஒரு முனையில் டோர்ச் அடித்து மறுமுனையால் பார்த்தேன். உள்ளே கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவுக்கு, நாற்றின் வேர்போல, மெல்லிய வெள்ளை நூல்கள் கிளை கிளையாக ஓடியிருந்தன. பூஞ்சணம். கழற்றித் துடைக்கக் கொடுத்தேன். பூஞ்சணம் போனது, ஆனால் அது கண்ணாடிப் பூச்சைத் தின்ற தடம் போகவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் அல்பத்தைக் கொடுத்த நாள் இன்றும் நினைவிருக்கிறது.

அதனால் போகும்போது ஒரு சிறிய டோர்ச் கொண்டுபோங்கள். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, வாயை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து முன்னால் பாருங்கள். இரண்டொரு தூசு எல்லா லென்ஸிலும் இருக்கும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். நூலோ சிலந்தி வலையோ மேகமோ தெரிந்தால், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம். பிறகு கெமராவை எப்/16இல் வைத்து வெள்ளைத்தாள் ஒன்றைப் போகஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் சென்சரில் உள்ள தூசு. துடைக்கலாம், ஆனால் விலை பேச அது ஒரு காரணம். கிழிந்த கோடுபோல ஏதும் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு பத்திரிகையைச் சாய்த்து வைத்து, நடு வரி ஒன்றுக்குப் போகஸ் செய்து எப்/1.8இல் எடுங்கள். நீங்கள் போகஸ் செய்த வரிதான் தெளிவாக இருக்க வேண்டும், முன்னோ பின்னோ உள்ள வரி அதைவிடத் தெளிவாக இருக்கக் கூடாது. இந்தக் கெமராவின் ஷட்டரை 100,000 தடவைக்குச் சோதித்ததாக நிக்கோன் சொல்கிறது. 30,000, 40,000 ஓடியது என்றால் பயமில்லாமல் வாங்கலாம். கல்யாண வீடுகளில் ஓடிக் களைத்த கெமராவில் அது ஓர் இலட்சத்தை நெருங்கியிருக்கும். கடைசியாக, அடிப்பக்கத்தில் உள்ள சீரியல் நம்பரும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். களவு போன கெமரா உங்கள் கையில் வந்து சேரக் கூடாது.

வாங்கிய பிறகு உங்கள் பெரிய எதிரி ஈரம். உங்கள் பக்கத்தில் மே பிறந்தால் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. சுவரே வியர்க்கிற இடத்தில் லென்ஸ் எம்மாத்திரம்! நம் ஆட்கள் நனையக் கூடாததை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள். கருவாட்டுக்கும் விறகுக்கும் அது சரி. கெமராவை அங்கே வைக்காதீர்கள், புகையும் கரியும் லென்ஸுக்குள் போகும். துணிப் பையிலோ தோல் உறையிலோ சுற்றி அலுமாரிக்குள் வைப்பதும் பூஞ்சணத்துக்குப் பாய் விரிப்பதுதான். மூடியில் ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றும் போடுங்கள். மீட்டர் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது. 60க்குமேல் நாள்கணக்கில் நிற்க விடாதீர்கள். செம்மஞ்சள் மணிகள் ஈரம் குடித்தால் பச்சையாகும். அப்போது ஒரு பழைய தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி செம்மஞ்சளுக்கு வரும். அந்தத் தாச்சியைச் சமையலுக்கு மட்டும் எடுக்க வேண்டாம். ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தவிட்டுத்தூள் எல்லா இடுக்கிலும் புகும்.

இன்னொன்று. விடியற்காலைக் குளிரில், வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் நின்றுவிட்டு, கெமராவை அப்படியே அடுப்படிக்குள் கொண்டுவராதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஆவி வேர்த்துவிடும். வெளியிலேயே பைக்குள் போட்டு மூடி, அந்தப் பையோடு உள்ளே கொண்டுவந்து, அரைமணி நேரம் கழித்துத் திறங்கள். தூறலில் எடுக்க, அம்மா மலைக்கு இடுப்பில் கட்டிப் போகிற படங்கில் பழையது இருந்தால் ஒரு துண்டு வெட்டிக் கெமராவுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் விற்கிற மழைக்கோட்டை விட அது நன்றாகத் தாங்கும்.

பனி மூட்டத்தில் கெமரா ஏமாறும், வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை +1க்குக் கொண்டுபோங்கள், பனி பனியாகவே வரும்.

சடங்கு வீடுகளுக்கு உடனே தனியாக ஒப்புக்கொள்ளாதீர்கள். டி3300இல் மெமரி கார்ட் போட ஓர் இடம்தான் உண்டு. கார்ட் பழுதானால் அந்த வீட்டின் நாள் அதோடு போயிற்று, திரும்ப நடத்த முடியாது. முதல் வருடம் மாமா மகனுக்குத் துணையாகப் போங்கள். 128 ஜி.பி. கார்ட் ஒன்றுக்குப் பதில் 32 ஜி.பி. கார்ட் இரண்டு வாங்கி இடையில் மாற்றுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது 'எங்கள் தோட்டத்து ஆட்களை' என்று எழுதிய இடம். அப்பா காலத்திலிருந்து எங்கள் ஸ்டூடியோ நடக்கிறது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், தோட்டத்து மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. 1970களில் பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்கக் குடும்பம் குடும்பமாக எங்கள் கடைக்கு வருவார்களாம். பலருக்கு அதுதான் வாழ்க்கையில் எடுத்த முதல் படம். அந்தப் படங்கள் இப்போது என்னிடம் திரும்பி வருகின்றன. பேரப்பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள், ஓரம் அரித்து, பாதி முகத்தில் முத்திரை விழுந்து. பாட்டிக்கு இந்த ஒரு படம்தான் இருக்கிறது, பெரிதாக்கித் தாருங்கள் என்பார்கள். பெரிதாக்கினால் முத்திரையும் பெரிதாகும். பாட்டியின் கண் எது, மை எது என்று தெரியாமல் நான் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் தோட்டத்தில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களிடம் கேட்டு, அவர்கள் விரும்பிய சேலையில், அவர்கள் வாசலில் வைத்து எடுங்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் கூடையோடு சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், படம் எடுக்கப்பட்டவர் அதைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் ஒரு பிரதியை அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

கூத்துக்கு முன்னால் கை பழக வேண்டும் என்றால், இரவில் அம்மா ரொட்டி சுடும்போது அடுப்பு வெளிச்சத்திலேயே அவருடைய கைகளை எடுத்துப் பழகுங்கள். தப்புக்காரரின் கையும் அதே வெளிச்சத்தில்தான் இருக்கும்.

கெமரா ஒன்றுக்கு விலை பேசி முடிந்தால், காசைக் கொடுக்குமுன் அதில் ஒரு படம் எடுத்து, எதையும் மாற்றாமல் எனக்கு அனுப்புங்கள். ஷட்டர் எத்தனை தடவை விழுந்திருக்கிறது என்பது நிக்கோனில் அந்தப் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும், பார்த்துச் சொல்கிறேன். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விபரம் அழிந்துவிடும். டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.